படை அதிகாரிகள் பேசியதை அமைச்சரவைக்குச் சொல்ல வேண்டுமா?

கூட்டாளி நாட்டுப் படை அதிகாரிகள் சும்மா பேசத்தானே செய்கிறார்கள், அமைச்சரவைக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருமுறை, பொடியன்கள் பக்கத்துத் தோட்டத்தாரோடு தேர் போகும் பாதையைப் பேசி வைத்தார்கள். கோயில் தலைவர் காதுக்கு வந்தபோது அங்கே லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் வாழைமரமே கட்டியாகிவிட்டது. இனி எப்படி மறுப்பார்?

1906 ஜனவரியில் தொடங்கிய பிரிட்டன், பிரான்ஸ் படைப் பேச்சும் அப்படித்தான். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் கிரே, பிரதமர் என்று சிலருக்கே தெரியும். முழு அமைச்சரவைக்கு 1911இல்தான் வந்தது. பலர் கொதித்தார்கள். அப்புறம் 1912 நவம்பரில் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் கம்போனும், இந்தப் பேச்சு எவரையும் கட்டுப்படுத்தாது என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். சரி, காகிதத்துக்கு அது போதும். ஆனால் பிரான்ஸ், வடகரையை பிரிட்டன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, தன் கப்பல்களை மத்தியதரைக் கடலில் குவித்துவிட்டதே! முதல் உலகப் போர் மூண்ட நேரம், 1914 ஆகஸ்ட் 3 அன்று, காவலில்லாமல் கிடந்த பிரான்சின் வடகரையைக் காட்டியே, பிரிட்டன் ஒதுங்கி நிற்க முடியாது என்று கிரே நாடாளுமன்றத்தில் பேசினார்.