அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். அக்காவுக்குப் பிரசவமான பன்னிரண்டாம் நாள் கடும் தலைவலி, மறுநாள் வலிப்பு. திருவனந்தபுரத்தில் சேர்த்தோம். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். இப்போது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள், நலம். அந்த வாரமே எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'புரோட்டீன் எஸ்' குறைவு, பரம்பரையாக இருக்கலாமாம். எனக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் வாய் திறக்காதே என்கிறார் அம்மா. எனக்கும் வருமா?

பதில்: அந்தப் பரிசோதனைத் தாளை இப்போதைக்கு முழுதாக நம்ப வேண்டாம். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களில் ஒன்று புரோட்டீன் எஸ். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே அது இறங்கும். பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்கு ஏறச் சில வாரங்கள் ஆகும். புதிதாக ரத்தக்கட்டி உண்டானாலும் குறையும். வார்ஃபரினும் குறைக்கும். மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகு திரும்பப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பரிசோதனைக்காக அக்காவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் எளிதில் உறையச் செய்யும் 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' போன்ற பரம்பரை மாற்றங்களுக்கான மரபணுப் பரிசோதனைகளை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

மறுபரிசோதனையிலும் குறைவு உறுதியானால், உடன்பிறந்த உங்களுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. இருந்தாலும் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலும் இன்னொரு காரணமும் சேர வேண்டும்: கர்ப்பம், பிரசவம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, உடலில் நீர் வற்றுதல்.

கல்யாணப் பெண் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முகூர்த்த நாளில் மாதவிலக்கு வந்துவிடுமோ என்று மருந்துக்கடையில் தேதி தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுக்க யாராவது ஓர் அத்தை இருப்பார். குடும்பக் கதையை மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். நாளை உங்களுக்குப் பிரசவமானாலும், வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் பத்தியத்துக்கு இணங்க வேண்டாம். நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். பிரசவத்துக்குப் பின் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் 'நீர் கோத்திருக்கிறது' என்று பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்கா மரச்சீனியும் சாளைக் கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். முருங்கைக் கீரையைத்தான் ஒரு நாள் குவித்து, ஒரு வாரம் மறந்து என்றில்லாமல் ஒரே அளவில் சாப்பிட வேண்டும், இல்லையேல் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு தாறுமாறாகும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. ஆனால் வார்ஃபரின் சாப்பிடும்போது கரு தரித்தால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம். கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்கட்டும்.

அம்மாவின் பயம் புரிகிறது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மாப்பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கர்ப்பமானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையா என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்ய நேரும். ஊசி போட்டால் அதை அவருக்குத் தெரியாமல் எத்தனை மாதம் மறைப்பீர்கள்?