மறக்கத்தானே குடிக்கிறார்?

கேள்வி: போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் மறக்கத்தானே குடிக்கிறார்? அவரைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? களவாகக் காய்ச்சும் கசிப்பை விட்டுக் கள்ளுக்கு வந்தால் போதாதா?
- வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: மறக்க முடிகிறதா என்று முதலில் அவரையே கேளுங்கள். அரைப்போத்தல் சாராயம் படுத்தவுடன் நித்திரையைத் தரும், உண்மைதான். பின்னிரவில் வெறி இறங்க இறங்க, தந்த நித்திரையை அதுவே குலைத்துவிடும். இரண்டு மணிக்கு வியர்த்து எழும்பிக் குந்தியிருப்பவருக்கு போரின் கடைசிக் காலமான 2009 மாசி மாதம் அப்படியே திரும்பி வரும். அடுத்தநாள் அதற்கும் சேர்த்துக் குடிக்கவேண்டும்.

அன்று பதுங்குகுழியில் அவருக்குப் பக்கத்தில் மனைவியும் இருந்தாரே, அவர் எதைக் குடித்து மறக்கிறார்? கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். நெல் விற்ற அன்று பின்னேரம். நுண்கடன்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே அந்த அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அம்மா இல்லை" என்று சின்ன மகள் வாசலில் நின்று சொன்னாள், பழகிப்போன குரலில். தவணைக் காசு தகப்பனின் சட்டைப்பையோடு தவறணைக்குப் போயிருந்தது. தாயின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி.

கள்ளுக்கு வருவோம். சீவல் தொழிலாளியின் சோறு அதில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கசிப்பைவிட ஆபத்துக் குறைவு என்பதும் சரி. குளக்கட்டுக்குப் பின்னால் பரலில் ஊறும் கசிப்புக் கோடாவுக்குள் என்னென்ன விழுந்தது என்று காய்ச்சுகிறவருக்கே தெரியாது. ஆனால் வெறியேற்றுவது இரண்டிலும் ஒரே எதனோல்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பனையில் இறக்கியது என்று கள்ளுக்கு விலக்குக் கிடையாது.

நான் குறை சொல்வது அவரையல்ல. "பாவம், விடு" என்று கால்போத்தலுக்குக் காசு நீட்டுகிறவர்களையும், செத்தவீட்டுப் பின்வளவில் போத்தல் வைத்து உபசரிக்கிறவர்களையும்தான். (நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லை.)

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நாளை முதல் ஒரு துளியும் இல்லையென்று அறையில் பூட்டிவைப்பது. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், பிதற்றல் வரும், உயிரும் போகலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியையும் சேர்த்துத்தான். அவருக்கு நித்திரை வருகிறதா என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.