கொல்லிமலை ஓவிய முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ டியூஷன் தொடங்கும் மே மாதத்தில் மகள் நான்கு நாள் ஓவிய முகாமுக்குக் கொல்லிமலை போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், படிப்பு கெடுமா, டிசைன் அல்லது ஓவியக் கல்லூரியில் சீட் வாங்க இது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முகாமில் தரும் சான்றிதழை நம்பி அனுப்பாதீர்கள். நுழைவுத் தேர்வில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துப் படம் வரைந்து பழகியவர்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, அதை அப்படியே பென்சிலில் இறக்கிவிடுவார்கள். இயற்கைக் காட்சி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாக ஒரு தென்னை. அப்படிப் பழகியவள் கொல்லிமலையில் ஒரு பலா மரத்தின் எதிரே உட்காரட்டும். காய் அடிமரத்திலேயே தொங்கும். அவ்வளவு கனத்தையும் தாங்கும் காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் கோடு விழும். பழுப்பு என்று அவள் நினைத்திருந்த பட்டையில் சாம்பலும் பாசிப் பச்சையும் கலந்திருக்கும். அரை மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். எதை வரைவது, எதை விடுவது என்று அவளே முடிவு செய்தாக வேண்டும். போட்டோவில் அந்த முடிவை கேமரா முன்னமே எடுத்துவிடுகிறது.

தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் நுழைவுத் தேர்வும், டிசைன் பட்டப்படிப்புக்காக ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வும் வரையும் கையையும் சோதிக்கின்றன. 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டும். கொடுத்த பொருளை, கொடுத்த நேரத்துக்குள் பார்த்து வரைகிற பழக்கம் கோச்சிங் தாள்களைத் திருப்பித் திருப்பிப் போடுவதால் மட்டும் வந்துவிடாது. 1919இல் வங்காளத்தில் தொடங்கிய சாந்திநிகேதன் கலைப் பள்ளியான கலாபவனத்தில் ஓவியர் நந்தலால் போஸ் மாணவர்களை மரத்தடிக்கும் வயல்வெளிக்கும் அனுப்பி வரையச் சொன்னதும் இப்படி நேரில் பார்த்துப் பழகத்தான்.

படிப்பு நான்கு நாளில் கெடாது. விட்ட பாடத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம்.

உங்கள் கவலை முழுவதும் முகாம் நடத்துபவர்கள் மீது இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் நேரில் பேசுங்கள். பெண் ஆசிரியர் இரவும் உடன் தங்குகிறாரா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, வண்டி கூடவே நிற்குமா என்று கேளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற ஊர் அது, கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், தினமும் எத்தனை மணி நேரம் வெளியே உட்கார்ந்து வரைவார்கள் என்றும் கேளுங்கள். கேம்ப் ஃபயர், அருவிக் குளியல், குரூப் போட்டோ என்றே பதில் வந்தால் அது சுற்றுலா. சுற்றுலாவுக்கு வீட்டோடு போய்க்கொள்ளலாம்.

விலை உயர்ந்த கலர் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச் புக், 2பி, 6பி பென்சில், சின்ன வாட்டர் கலர் பெட்டி போதும். திரும்பி வந்ததும் சரியாக வராத படங்களை அவள் கிழித்துப் போடப் பார்ப்பாள். விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் எங்காவது போர்ட்ஃபோலியோ கேட்டால், நேர்த்தியாக முடித்த பத்துப் படங்களோடு இந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.