கருஞ்சீரகம் இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். தினமும் கருஞ்சீரகம் சாப்பிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார் உறவினர். நம்பலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருஞ்சீரகம் சாப்பிடலாம், ஆனால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து என்று நபிமொழியில் இடம்பெற்ற விதை இது. யுனானியில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. சித்த மருத்துவம் கரப்பான் எனும் தோல் நோய், புண், பீநசம் எனும் மூக்கடைப்பு நோய் ஆகியவற்றுக்குச் சொல்கிறது. விதையின் எண்ணெயில் உள்ள தைமோகுயினோன் என்ற வேதிப்பொருளைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் முக்கியமாக ஆராய்கிறார்கள்.

சர்க்கரையைக் குறைக்குமா என்றால், ஓரளவு குறைக்கும். சவுதி அரேபியாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான மாத்திரைகளோடு தினமும் 2 கிராம் விதை எடுத்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) நன்றாகவே இறங்கியது. 3 கிராமாகக் கூட்டியும் கூடுதல் பலன் இல்லை. ‘மாத்திரைகளோடு’ என்பதைக் கவனியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக யாருக்கும் தரவில்லை. அதுவும் நூறு பேருக்கும் குறைவானவர்களிடம் செய்த ஆய்வு.

என் கவலை கிளிமிபிரைடு பற்றியது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதோடு கருஞ்சீரகமும் சேர்ந்தால், உணவு தாமதமாகும் நாளில் சர்க்கரை மிகவும் தாழலாம். அப்போது கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். முதல் சில வாரங்கள் வீட்டிலேயே அடிக்கடி சோதித்து, அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மருத்துவர் சம்மதித்தால், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான விதையை அன்றன்று பொடித்து உணவோடு சாப்பிடுங்கள். பொடித்து வைத்தால் வாசனை போய்விடும். வாசனையோடு மருந்துச் சத்தும் குறையும். கடையில் வாங்கும்போது பாருங்கள்: கருஞ்சீரகம் கோணல்மாணலாக, மங்கிய கருமையோடு இருக்கும். கசக்கினால் காரமான மணம் வரும். தட்டையாக, வழவழப்பாக இருந்தால் அது கறுப்பு எள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தளவில் இதைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. உங்களுக்கு அறுவை சிகிச்சை ஏதும் திட்டமிட்டிருந்தால், இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.