இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய 'டாஸ் போட்' படத்தை முதன்முறையாகப் பார்க்க எந்தப் பதிப்பை வாங்குவது: 149 நிமிடமா, 209 நிமிடமா, 293 நிமிடமா?

1997-இல் வெளிவந்த, ஏறத்தாழ 209 நிமிடம் ஓடும் இயக்குநர் பதிப்பை ஜெர்மன் ஒலித்தடத்தில், சப்டைட்டிலுடன் பாருங்கள் என்பதே என் பதில். திரையரங்குப் பதிப்பே போதும், மற்றவை வெறும் இழுவை என்று ஒரு சாராரும், முழுநீளத் தொலைக்காட்சி வடிவத்தைப் பார்க்காதவர் இப்படத்தைப் பார்த்தவரே அல்லர் என்று மற்றொரு சாராரும் சொல்வதால் குழம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் இப்படத்தைத் திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்தே எடுத்தார். 1981-இல் மேற்கு ஜெர்மனியில் வெளியானது 149 நிமிட வடிவம்; சிறந்த இயக்குநர் உட்பட ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது அதுவே. எடுத்த காட்சிகளில் பெரும்பகுதி 1984-இல் பிபிசியிலும் 1985-இல் ஜெர்மன் தொலைக்காட்சியிலும் தொடராக வந்தது. அவற்றிலிருந்து தேர்ந்து, ஒலியைப் புதிதாகக் கலந்து பீட்டர்சனே உருவாக்கியது 1997-இன் பதிப்பு. தொலைக்காட்சி வடிவம் 293 நிமிடங்களாக இரண்டு டிவிடிகளில் 2004-இல் வெளிவந்தது.

கதை 1941-இன் இலையுதிர் காலத்தில், ஜெர்மன் வசமிருந்த பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து யூ-96 என்ற நீர்மூழ்கிக் கப்பல் புறப்படுவதில் தொடங்குகிறது. அதன்பின் நெடுநேரம் எதிரிக் கப்பல் எதுவும் கண்ணில் படுவதில்லை. புயல், ஈரம், பூஞ்சை பிடித்த ரொட்டி, ஒருவர் எழுந்தால் மற்றொருவர் படுக்கும் படுக்கை, சலிப்பில் முற்றும் வாய்ச்சண்டை என்றே நாட்கள் கழிகின்றன. 149 நிமிடப் பதிப்பில் இந்தக் காத்திருப்பு சுருங்கிவிடுவதால், தாக்குதல் தொடங்கும்போது நமக்குக் கிடைப்பது விறுவிறுப்பு. 209 நிமிடப் பதிப்பிலோ அந்த மாலுமிகளோடு நாமும் அலுத்துப் போயிருக்கிறோம். அவர்களைப் போலவே ஏதாவது நடக்காதா என்று ஏங்கத் தொடங்கி, அது நடந்த மறுகணமே ஏன் ஏங்கினோம் என்று பதறுகிறோம். என் கணிப்பில் படத்தின் மொத்த வலிமையும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. நீளத்தை இழுவை என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணமும் இதுவே.

புயல் காட்சியை ஊன்றிப் பாருங்கள். மேல்தளத்தில் நிற்பவர்கள் மீது அலை மோதும்போது ஒருவர் கால் பிடிமானமின்றி அடித்துச் செல்லப்பட, 'ஆள் கடலில் விழுந்துவிட்டான்' என்ற அலறல் எழுகிறது. அது திட்டமிடப்படாத விபத்து. பில்கிரிம் என்ற மாலுமியாக நடித்த யான் ஃபெடர் உண்மையாகவே தவறி விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார்; பக்கத்தில் நின்ற நடிகர் பெர்ன்ட் டவுபர் கத்தியதும் உண்மையான கத்தல்தான். அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

உட்புறக் காட்சிகளுக்காக மியூனிக்கின் பவேரியா ஸ்டுடியோவில் கப்பலின் உட்பகுதியை அசல் அளவிலேயே கட்டி, ஹைட்ராலிக் மேடையில் ஏற்றிக் குலுக்கினார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ, சுழல்கருவியால் (ஜைரோஸ்கோப்) ஆட்டம் குறைக்கப்பட்ட சிறிய கேமராவைக் கையில் ஏந்தி, அந்தக் குறுகிய நடைவழியில் நடிகர்களின் பின்னாலேயே ஓடினார். கப்பல் அவசரமாக மூழ்க வேண்டிய தருணத்தில், முன்பகுதியின் எடையைக் கூட்டுவதற்காக மாலுமிகள் வட்டக் கதவுகளுக்குள் ஒருவர்பின் ஒருவராகப் பாய்ந்தோடும் காட்சியில் கேமராவும் அதே கதவுகளுக்குள் நுழைந்து போகிறது. காட்சிகளைக் கதையின் வரிசையிலேயே படமாக்கியதால் நடிகர்களின் தாடி வளர்வதும் முகம் வெளிறுவதும் ஒப்பனையைக் கடந்த நம்பகத்தன்மையைப் பெறுகின்றன.

வட்டில் வாங்குவதா, ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பதா என்ற கேள்விக்கு என் பதில், முடிந்தால் ப்ளூ-ரே. படத்தின் பாதி இருட்டிலும் சிவப்பு விளக்கிலும் நடக்கிறது. மிகுதியாகச் சுருக்கப்பட்ட காணொளியில் இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். அதைவிட முக்கியமானது ஒலி. ஜிப்ரால்டர் நீரிணையில் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து 280 மீட்டர் ஆழத்தில் தரைதட்டும்போது, நாம் காண்பது ஆழமானியின் முள்ளையும் அண்ணாந்து நோக்கும் முகங்களையும் மட்டுமே. இரும்புச் சட்டகத்தின் முனகல், தெறிக்கும் திருகாணிகள், ஒழுகும் நீர் ஆகியவற்றின் வழியே ஆபத்தைக் காதுதான் உணர்கிறது. நாசகாரிக் கப்பலின் எதிரொலிக் கருவி தேடும் காட்சிகளில் அந்தக் கூரிய ஓசை பின்புற ஒலிபெருக்கிகளிலிருந்தும் வரும்போது தலைக்கு மேல் கப்பல் கடக்கும் உணர்வு உண்டாகிறது. ஒலிபெருக்கி வசதி இல்லையென்றால் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் சொந்த ஒலியில் மட்டும் பார்க்காதீர்கள்.

293 நிமிட வடிவத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்ச் செய்தியாளராக அந்தக் கப்பலில் பயணம் செய்த லோதார்-குந்தர் புக்ஹைம் எழுதி 1973-இல் வெளிவந்த நாவலே படத்தின் மூலம். அதன் மணத்தை இவ்வடிவம் கூடுதலாகத் தருகிறது. மாலுமிகளும் தனித்தனி மனிதர்களாக மனத்தில் நிற்கிறார்கள். ஆனால் கதையில் வரும் செய்தியாளர் வெர்னரின் பின்னணிக் குரல், முகங்களே சொல்லிவிட்ட அச்சத்தைச் சில இடங்களில் திரும்பவும் சொல்கிறது. வட்டு மாற்ற எழும் இடைவெளியும் இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

நாஜி ஜெர்மனியின் வீரர்களுக்காக நம்மை இரங்க வைப்பது சரியா என்ற விமர்சனத்தையும் நீங்கள் படித்திருக்கலாம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. வேறொரு காரணத்தால், அதாவது மிகையான நடிப்பால், நாவலாசிரியர் புக்ஹைமுக்கே படத்தின் மீது கடும் அதிருப்தி இருந்தது. எனினும், எரியும் எண்ணெய்க் கப்பலிலிருந்து மனிதர்கள் கடலில் குதித்து உதவி கேட்டு நீந்திவரும் காட்சியில், ஏற்றிக்கொள்ள இடமில்லாததால் கேப்டன் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆணையிடுகிறார். கேப்டனாக நடித்த யுர்கன் ப்ராக்னோவின் முகத்தை அப்போது கவனியுங்கள். தம்மைக் காத்துக்கொள்ளும் இந்த மனிதர்கள் கொலை செய்பவர்களும்தான் என்பதைப் படம் அங்கே ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது. நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற தொடக்க வரியைப் பெருமிதமாகப் படிக்க அதற்குப் பின் எவராலும் இயலாது.

ஆங்கில டப்பிங் மோசமானதன்று; பல நடிகர்கள் தாங்களே ஆங்கிலத்திலும் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டளைகள் வாய்வழியாக ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கடத்தப்படும் வேகம் ஜெர்மன் மொழியில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. வாங்கும்போது அட்டையின் பின்புறத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்: ஒரே பெயரில் மூன்று வடிவங்களும் விற்பனையில் இருந்திருப்பதால், முன்பக்கத்துப் படத்தை மட்டும் நம்பினால் 149 நிமிடப் பதிப்பு கையில் வந்து சேரக்கூடும்.