போடோனி, டிடோ எழுத்துருக்கள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் இதழின் தலைப்பில் 60 பாயிண்டில் கம்பீரமாக நின்ற போடோனி, அதே பக்கத்தின் படக்குறிப்பில் 7 பாயிண்டில் பாதி அழிந்து அச்சாகிவிட்டது. இது அச்சகத்தின் பிழையா?

பதில்: இல்லை, தலைப்புக்கென வரைந்த எழுத்தைப் படக்குறிப்புக்கும் பயன்படுத்தியதே காரணம். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனியாக வெட்டினார்கள் என்பதால், சிறிய அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கவும் எழுத்திடைவெளியைத் தாராளமாக்கவும் வெட்டுபவரால் முடிந்தது. கணினியிலோ ஒரே வரைவு சுருங்குகிறது; தடித்த கோடு அதைத் தாங்கும், மயிரிழைக் கோடு தாங்காது. 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜொனாதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ, 6 முதல் 96 பாயிண்ட் வரை ஏழு தனி வரைவுகளாக வந்தது இதனால்தான். போடோனியின் கணினி வடிவங்களில் ஒன்றான ஐடிசி போடோனியில் 6, 12, 72 பாயிண்டுக்கென மூன்று வரைவுகள் உள்ளன; படக்குறிப்புக்கு 6 என்று குறித்ததை எடுங்கள்.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக டிடோவை வைக்கலாமா?

பதில்: பெரிய தலைப்பில் மட்டும் வைக்கலாம். மை பரவி மயிரிழையை மூடிவிடும் என்பதோடு, நான்கு வண்ணங்களைக் கலந்த கறுப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்குமான அச்சுத் தகடுகள் இம்மியளவு விலகினாலும் கோடு காணாமல் போகும்.

கேள்வி: இணையதளத்தின் உடற்பகுதிக்குப் பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துரு பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது தலைப்புக்கு வரையப்பட்டது என்பதை அதன் பெயரிலுள்ள ‘டிஸ்ப்ளே’ (பெரிய அளவுக்கான எழுத்து) என்ற சொல்லே சொல்கிறது.

கேள்வி: தடித்த கோடும் மயிரிழைக் கோடும் சேர்ந்த இந்தப் பாணியைத் தொடங்கியவர் போடோனிதானே?

பதில்: இல்லை. 1768இல் இத்தாலியின் பார்மா அரசவை அச்சகத்தின் பொறுப்பேற்ற போடோனி, முதலில் பாரிஸின் எழுத்து வெட்டுநர் ஃபூர்னியேயின் எழுத்துகளைத் தருவித்து, பின்னர் அவற்றைப் பின்பற்றியே வெட்டினார். வளைவுத் தாங்கல் இல்லாத மெல்லிய செரிஃபை (எழுத்துக் கோட்டின் முனையில் வரும் சிறு குறுக்குக் கோடு) 1784 வாக்கில் எட்டியவர்கள் பாரிஸின் அச்சகக் குடும்பமான டிடோ குடும்பத்தினர். இவர்கள் அனைவருக்கும் முன்பே இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாளர் பாஸ்கர்வில், 1757இல் அச்சிட்ட ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலில், வழவழப்பான தாளும் நல்ல மையும் இருந்தால் மெல்லிய கோடு நிற்கும் என்று காட்டியிருந்தார்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் போடோனி வெறும் நகலெடுத்தவரா? இது அநியாயம் ஐயா.

பதில்: அப்படி நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் 1813இல் இறந்தபின் 1818இல் அவருடைய மனைவி வெளியிட்ட இரண்டு தொகுதி எழுத்து மாதிரி நூலைப் பாருங்கள்: ஒரே அளவுக்குள் அகலமும் கனமும் சிறிது சிறிதாக மாறும் பல வெட்டுகள் உள்ளன. டிடோவின் செரிஃப் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருக்க, போடோனி வெட்டியவற்றில் பல இடங்களில் இலேசான குழிவு தெரியும். அந்தக் குழிவினால்தான் அவருடைய பக்கம் எனக்கு உயிருள்ளதாகப் படுகிறது. முந்தியவர் டிடோ, ஆழமாகச் சென்றவர் போடோனி என்பதே என் கருத்து.

கேள்வி: அச்சுக்கு வாங்கிய எழுத்துருவை இணையத்திலும் பயன்படுத்தலாமா?

பதில்: உரிம ஆவணத்தைப் பாருங்கள், இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி உரிமம் விற்கிறார்கள்.

கேள்வி: 9 பாயிண்டில் டிடோ வைத்து ஒரு நூல் முழுவதையும் கோக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால், சிறிய அளவுக்கான வரைவில் இரண்டு பக்கம் கோத்து, நூலுக்கு வாங்கவிருக்கும் அதே தாளில் அச்சிட்டுப் பாருங்கள்.