சத்து மாத்திரை, வைட்டமின் பற்றி நெட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?

கேள்வி கேட்டவர், வீட்டுப் பெரியவர்கள் போனில் வருவதையெல்லாம் நம்பி மாத்திரை வாங்குகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தக் காரியத்தைச் செய்தது பெரியவர்கள் இல்லை, நான்தான்.

நாங்கள் இருப்பது ரங்கூனில். (யாங்கோன் என்று எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது.) அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒருநாள் பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரியவில்லை என்றார். வைபரில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு மருந்துக்கடையில் நரம்புக்கு என்று கேட்டு வாங்கி வந்தேன். பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றார் கடைக்காரர். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. மதமதப்பு கணுக்காலுக்கு ஏறியது. எல்லாம் சர்க்கரையின் வேலை என்று நினைத்து, நாளுக்கு மூன்றாக ஆக்கியதும் நான்தான்.

அப்புறம்தான் வேறொரு சயாமாவிடம் போனோம் (இங்கே பெண் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்). சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். இந்த அட்டையைத் திருப்பி ஒரு எண்ணின்மேல் விரலை வைத்தார்: பி6, 200 மில்லிகிராம். மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மில்லிகிராம்கூட இல்லை. அம்மா 600 சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பி6 அளவு மீறி மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும், அறிகுறியும் அதே மதமதப்புதான் என்றார். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் பி12. அதை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தார். கணுக்காலிலிருந்து மெதுவாக இறங்கியது. பாதத்தில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, அது சர்க்கரையின் பங்கு.

நான் நெட்டில் தேடியது "பி வைட்டமின் நரம்புக்கு நல்லதா" என்று. நல்லது என்றுதான் ஆயிரம் பேர் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. எத்தனை மில்லிகிராம், யாருக்கு, வேறு எந்த மருந்தோடு சேரக்கூடாது என்று தேடியிருந்தால் அந்த ஆயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் காணாமல் போயிருப்பார்கள். இப்போது ஒரு பக்கத்தை நம்பலாமா என்று நான் பார்ப்பது அதை வைத்துத்தான்.

நான் முதலில் போவது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஓ.டி.எஸ். என்ற அலுவலகத்தின் தளம். ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பக்கம், அதிலும் நம்மைப் போன்றவர்களுக்கு எளிதாக ஒன்று, மருத்துவர்களுக்கு விரிவாக ஒன்று. தினசரித் தேவை, மீறக்கூடாத அளவு, எந்த மருந்தோடு மோதும் என்பதெல்லாம் இருக்கும். பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய தேதியும் உண்டு. விற்பனை கிடையாது. படம் குறைவு, எழுத்துதான் அதிகம். ரங்கூன் நெட்டுக்கு அதுவே பெரிய உதவி. பி6-க்கு மேல்வரம்பு 100 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 என்று வைத்துவிட்டது. இரண்டு பெரிய இடங்களே ஒத்துப்போகவில்லையே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் இரண்டுமே எந்த ஆய்வை வைத்து அந்த எண்ணுக்கு வந்தோம் என்று எழுதியிருக்கின்றன. வீடியோக்காரர் அப்படி எதையும் சொல்லவில்லை. எப்படியானாலும் 600 இரண்டு கணக்குக்கும் மேலேதான்.

டப்பாவின்மேல் "எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம் (எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு). அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி, சத்து மாத்திரையை விற்பதற்கு முன் எஃப்.டி.ஏ. ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. தொழிற்சாலையைப் பதிவு செய்வது வேறு, மாத்திரை வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு.

அதற்காக மாத்திரை எல்லாமே ஏமாற்று என்று சொல்கிற கூட்டத்திலும் நான் சேரமாட்டேன். பர்மாவிலிருந்து தாய்லாந்து எல்லை முகாம்களுக்குப் போன கரேன் மக்களிடையே கைக்குழந்தைகள் பெரிபெரியில் (பி1 சத்து குறைவதால் வரும் நோய்) செத்துக்கொண்டிருந்தன. தீட்டிய அரிசி, பிள்ளை பெற்றவளுக்கு ஆயிரம் பத்தியம், கூடவே பி1-ஐ அழிக்கும் ஙப்பி (மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் பர்மியத் தொக்கு). தாய்மார்களுக்கு தயமின் கொடுத்த பிறகு அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது. தயமின் என்பது வேறொன்றும் இல்லை, நான் வாங்கிய அதே அட்டையில் இருந்த பி1தான்.

எங்கள் அப்பத்தா கடைசிவரை புழுங்கலரிசிதான் கேட்பார், பர்மியர்களின் வெள்ளைச் சோறு உடம்பில் ஒட்டாது என்பார். சிவகங்கைப் பிடிவாதம் என்று சிரிப்போம். நெல்லை உமியோடு அவிக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் அவ்வளவாகப் போகாது. இதைச் சோதித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் போட்டார். ஒற்றைப்படைக்குப் பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல், மற்ற சாப்பாடு ஒன்றே. பச்சரிசி வரிசையில் பலருக்கு பெரிபெரி வந்தது, செத்தவர்களும் உண்டு. புழுங்கல் வரிசையில் புதிதாக யாருக்கும் வரவில்லை. (பாவம், அவர்களை யார் கேட்டார்கள்.) அதனால் யாராவது "ஆய்வில் நிரூபணம்" என்றால், சாப்பிடாத எதிர்வரிசை இருந்ததா என்று தேடுகிறேன். அப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துவைத்து அலசுவது காக்ரேன் தளம். சுருக்கத்தை எளிய மொழியிலும் போடுகிறார்கள்.

நம் சாப்பாட்டுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் பெரிபெரியை ஆராயத் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் பிறகு இப்படி வளர்ந்தது. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து, முருங்கைக்கீரையில் எவ்வளவு என்பதற்கு அவர்கள் 2017-இல் போட்ட அட்டவணையைப் பார்க்கலாம்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. கடையில் நாலைந்து நிற மாத்திரையைக் கலந்து சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் கொடுப்பார்கள், வலிக்கு, அசதிக்கு என்று. அதில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, எதை வைத்துத் தேடுவது? நான் வாங்குவதில்லை.

அம்மாவின் கைப்பையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. சாப்பிடும் மருந்து, சத்து எல்லாம் மில்லிகிராமோடு. பர்மியத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், சயாமாவுக்குத் தமிழ் தெரியாது.